மை குடிக்கும் வித்தை

பேனாவுக்கு மை போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. பேனா சேர்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். 1952-இல் ஷீஃபர் கம்பெனி ‘ஸ்நார்க்கல்’ பேனாவை இறக்கியது. பின்பக்கக் குமிழைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து கொசுவின் மூக்கு மாதிரி ஒரு குழாய் நீளும். அதை மட்டும் மையில் முக்கி, இழுத்துவிட்ட தண்டை அழுத்த வேண்டும். குடித்து முடித்ததும் குமிழைத் திருப்பித் திருகினால் குழாய் உள்ளே போய்விடும். நிப்பைத் துடைக்க வேண்டாம். ஒரு துண்டுத் துணியை மிச்சம் பிடிக்க இத்தனை ஏற்பாடு! 1956-இல் வந்த பார்க்கர் 61-க்கு அந்தச் சிரமமும் இல்லை. பின்புறத்தை மைக்கூட்டில் நட்டுவைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

இன்றைய சீமான்களுக்கு இத்தாலியின் விஸ்கோன்டி. எட்னா எரிமலைக் கல்லைப் பிசினில் குழைத்த உடம்பு. தண்டை இழுத்து ஓர் அழுத்து அழுத்தினால் வெற்றிடம் உண்டாகி மை சரேலென்று ஏறும். நல்ல வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. பல நூறு டாலர் கொடுத்தவர் அதைக்கொண்டு எழுதுவது பெரும்பாலும் இரண்டே வரி: பேனாவின் பெயர், மையின் பெயர்.

ஜப்பானின் நமிக்கி எம்பரருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். அரக்குப் பூச்சு, தங்கத்தூள் சித்திரம் எல்லாம் உண்டு. மை போடுவது? மரையைக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டியதுதான். நம்மூர்ப் பெட்டிக்கடை அண்ணாச்சி இதையே சில்லறைக் காசுக்குச் செய்தார். கழுத்தில் வழிந்ததைப் பையன்கள் தலைமுடியில் துடைத்துக்கொண்டு மணியடிப்பதற்குள் ஓடினார்கள்.