ஒரு கிண்ணம் உறைமணல்

"மண்ணை உதறிட்டு ஏறுங்கல!"

ஈத்தாமொழியில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆச்சி போடும் சத்தம் இது. கடப்புறத்துக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளுக்காகவே படியோரம் ஒரு வாளித் தண்ணீரும் போணியும் வைத்திருப்பாள். கணுக்கால், கால்விரல் இடுக்கு, நிக்கர் பை, காதுமடல் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். அப்படியும் ராத்திரி பாயில் நறநறவென்று நாலு மணல் கிடக்கும். மறுநாள் காலை அந்தப் பாயை உதறும் சத்தம் அடுத்த வளவு வரைக்கும் கேட்கும்.

அதே வீட்டின் முன்னறையில் இப்போது இருபத்தைந்து கிலோ மணல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினேன். அதே எடைக்கு நல்ல பொன்னி அரிசியே வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். கடல் இங்கிருந்து சைக்கிள் மிதித்துப் போகும் தூரம்தான். அந்தக் கடலின் ஒரு துண்டை ஒரு கண்ணாடித் தொட்டியில் வீட்டுக்குள் வைக்க ஆசைப்பட்டபோது, மணலும் உப்பும் பொட்டலத்தில் வெளியூரிலிருந்துதான் வந்தன.

நம் கரை மணலையே போட்டால் என்ன என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். சங்குத்துறையிலிருந்து ஒரு கரண்டி மணல் எடுத்துவந்து, வாங்கிய மணலில் ஒரு கரண்டியும் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் சமையலறை வினிகரைச் சொட்டினேன். வாங்கிய மணல் சோடாவைத் திறந்தது போல நுரைத்துப் பொங்கியது. அது அரகொனைட், சிப்பியும் பவளமும் எதனால் ஆனவையோ அதே சுண்ணாம்புச் சத்து. தொட்டி நீர் புளிப்பேறும்போது மெல்லக் கரைந்து அதைச் சமன்படுத்தும். நம் கரை மணலிலோ ஒன்றிரண்டு சிப்பித் துணுக்கு மட்டும் நுரைத்தது, மற்றதெல்லாம் அசையவில்லை. வலுவான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனபோது கறுத்த துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன.

கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், அவற்றோடு சிர்க்கான், ரூட்டைல், தோரியம் பொதிந்த மோனசைட். முட்டத்திலும் மணவாளக்குறிச்சியிலும் கரை கறுத்தும் சிவந்தும் கிடப்பது இவற்றால்தான். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான், 1909-இல் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கில் நாம் கட்டும் வலைக்கு அன்று தோரியம் வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அந்தக் கயிற்றைத் தொடர்ந்து வந்ததுதான். ஆச்சி எங்கள் காலிலிருந்து உதறச் சொன்னதை ஒருவர் கயிற்றிலிருந்து உதறி, தாளில் கொட்டிப் பார்த்திருக்கிறார். கல்லின் மதிப்பை அவர் கண்டுகொண்டார். மணலில் கல்லைத் தவிர வேறொன்றும் உண்டு என்பது எனக்கு இந்தத் தொட்டி வரும்வரை தெரியாது.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முதலில் பாறைகளை வெறும் கண்ணாடி மேல் அமர்த்தினேன். மணல்மேல் வைத்தால், வளை தோண்டும் உயிர் ஒன்று அடியில் பறிக்க, பாறை சரிந்து கண்ணாடியே உடையலாம். பிறகு, கழுவிய மணலை நாலு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினேன். மணல்மேல் ஒரு சோற்றுத் தட்டை வைத்து, அதன்மேல் படும்படி உப்புநீரை மெல்ல ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் பள்ளம் பறிந்துவிடும். அப்படிப் பார்த்து ஊற்றியும் இரண்டு நாள் தொட்டி கழுநீர் போலத்தான் கிடந்தது.

அடங்கிய பிறகு பார்த்தால் பளபளவென்று வெள்ளை மணல், தெளிந்த நீர். ஆனால் அது செத்த மணல். மீனை விட்டால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்க ஒரு கூட்டம் நுண்ணுயிர் வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம். இவை மணல்மணியின் மேல் ஒட்டி வாழ்பவை. ஒரு பிடி மணலில் எத்தனை ஆயிரம் மணிகளோ, அத்தனை வீடு அவற்றுக்கு.

திருவனந்தபுரத்து நண்பர் ஒருவர் எட்டு வருடமாகக் கடல்தொட்டி வைத்திருக்கிறார். அவரிடமிருந்து ஒரு கிண்ணம் மணல் கிடைத்தது. ஈரம் காயாமல் டப்பாவில் அடைத்துத் தரும்போது சொன்னார்: "அண்ணாச்சி, இதைக் கழுவிப்பிடாதீங்கோ. வெயில் படாம மடியிலயே வச்சுக் கொண்டு போங்கோ." பஸ்ஸில் அப்படித்தான் கொண்டுவந்தேன்.

பாலுக்கு உறை ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். ஆச்சி வீட்டில் உறைமோர் தீர்ந்துபோனால், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக்கு ஓட வேண்டியது நான். எந்த வீட்டுத் தயிர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தேடினால் ஊரையே சுற்றி வரும். கடையில் 'உயிர்மணல்' என்று ஈரப் பொட்டலமும் விற்கிறார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் நுண்ணுயிர்கள். நண்பர் தந்த கிண்ணத்தில் முள்புழு, நூல்புழு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் பொடிக்கூனி எல்லாம் சேர்ந்து வந்தன. பொட்டலத்துக்கு அந்தச் சம்பத்து கிடையாது.

பிறகு காத்திருப்பு. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டேன். சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. இரண்டாம் வாரம் கடந்து பச்சை இறங்க, நைட்ரைட்டுக்கான குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியது. தினம் காலையில் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். 39-ஆம் நாள் இரண்டும் தெளிந்தன. அதற்குப் பின்தான், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் ஒரு ஜோடியை விட்டேன். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடித்த மீனை வாங்க இனி ஒரு அவசியமும் இல்லை.

இப்போது ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டி, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி உட்காருவேன். மணலின் வெட்டுமுகம் தெரியும். மேலே விரற்கடை அளவுக்கு வெளிர்மஞ்சள், அதன் கீழ் பச்சை இழை, அடியில் சாம்பல் நிறம். நடுவில் மயிரிழை போன்ற சுரங்கங்கள், அவற்றில் ஒரு புழு முன்னும் பின்னும் நகர்ந்து மணல்மணிகளைத் தள்ளுகிறது. பாறையடியில் ஒன்று வெள்ளை நூல்களை நீட்டி, ஒட்டியதை மெல்ல இழுத்துக்கொள்கிறது. கீழ் அடுக்கில் சில இடங்களில் கடுகிலும் சிறிய குமிழிகள். மேல் மணலின் நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உண்டுவிட, கீழே அது எட்டாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் காற்றாக விடுகின்றன. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் போடுகிறவர்கள் இதற்காகத்தான் போடுகிறார்கள். மணலுக்கு அடியில் நீர்வெளி விட்டு இதையே செய்யும் முறைக்கு ழான் ஜோபேர் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயர் இருக்கிறது. அந்த ஆழத்தைக் கிண்டிவிட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சுக்காற்று எழும், மீன் சாகும். ஆகவே அடுக்கு அமைந்த மணலைக் கை போட்டுக் கலக்கக் கூடாது.

என் தொட்டியில் பவளம் இல்லை. நம் கடலின் கல்பவளங்களுக்கு 2001 முதல், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காவல் உண்டு. கடல் அட்டைக்கும் அப்படியே. அந்தக் காவல் வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

கடப்புறத்துக்கு இப்போது போனால் என் கால் கூசுகிறது. நாங்கள் சாடி மறிந்த இடத்தில் பாதிக்குக் கருங்கல் குவித்திருக்கிறார்கள். மிச்ச மணலில் ஈரம் ஏறி இறங்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் அதே சுரங்கம், அதே அடுக்கு. கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம் முதல் கொல்லங்கோடு வரையான ஊர்களில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2024-இல் மக்கள் திரண்டபோது, கதிரியக்கத்தைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் பேசினார்கள். நியாயமான பேச்சு. தாதுவைப் பிரித்தபின் மணலைத் திருப்பிக் கொட்டிவிடுவோம் என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். திருப்பிக் கொட்டுவது கழுவிய மணல். கழுவிய மணல் எப்படி இருக்கும் என்று என் தொட்டியில் 39 நாள் பார்த்தேன். அதுவும் நாலு சென்டிமீட்டர் கனம், மூன்றடி நீளம், மேலே ஊற்ற ஒரு கிண்ணம் உறை. கரை முழுக்கக் கழுவிப் போட்டால் உறைக்கு எந்த வளவுக்குப் போவது?

இந்த மாவட்டத்தில் கடல்தொட்டி வைக்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரையிலிருந்து மணலையோ பாறையையோ எடுக்காதீர்கள். காய்ந்த அரகொனைட் வாங்கிப் பரப்பி, உப்புநீர் ஊற்றிவிட்டு வாருங்கள். என் தொட்டியில் இப்போது உறை இருக்கிறது. கிண்ணத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும்.