கரை கட்டும் பெருமக்களுக்கு

சுரங்கக் கழிவுச் சேற்றுக்குக் கரை கட்டும் பெருமக்களே, உங்கள் துணிச்சல் எங்கள் பாலக்கோட்டுக்காரர்களுக்கு வராது. ஏரிக்கரையின் வெளிச்சரிவில் கையகல ஈரம் கண்டாலே இங்கே மண்வெட்டியும் மணல்மூட்டையுமாக ஓடுவார்கள். கரைக்குள் தண்ணீர் வழி தேடுகிறதென்று அவ்வளவு பயம். நீங்களோ படிந்த சேற்றையே அடித்தளமாக்கி, அதன்மேல் அடுத்த கரையை ஏற்றி, பின்னால் மறுபடி சேறு நிரப்புகிறவர்கள். பிரேசிலின் புருமாடின்யோவில் 1976 முதல் அப்படி ஏற்றி ஏற்றி 86 மீட்டரைத் தொட்டீர்கள். உள்ளே போதிய வடிகாலும் வைக்காத சிக்கனம் வேறு!

மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதால்தான் கரை நிற்கிறது. இடுக்குகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளரும். பொலபொலவென்று படிந்த சேறு கொஞ்சம் அசைந்தாலும் இறுகப் பார்க்கும். நீர் வெளியேற அவகாசம் இருக்காது. சுமையெல்லாம் நீரின் தலையில் விழும். அதுவரை திடமாக நின்றது கூழாகி ஓடும். மேல்பகுதியில் அரை ஈரம் தந்த ஒட்டுப்பிடிப்பையும் நீடித்த மழை கரைத்துவிடும். நீரழுத்தம் மண்ணின் வலுவைத் தின்னும் கணக்கைக் கார்ல் டெர்சாகி 1920களிலேயே போட்டுக் காட்டினார். அதைக் கண்டு கலங்காத நெஞ்சுரம் உங்களுடையது.

2018இல் கரை நிலையாக இருக்கிறதென்று சான்றிதழும் வாங்கினீர்கள். கரைக்குக் கீழேயே தொழிலாளர்களின் உணவுக்கூடத்தை வைத்திருந்தீர்களே, அதுவல்லவா நம்பிக்கை! 2019 ஜனவரி 25, மதிய உணவு வேளை. சில நொடிகளில் கரை உருகியது. அபாயச் சங்கு ஊதவில்லை. சாப்பிடுகிறவர்களைப் பதறவைக்காத பண்பு. 270 பேர் போனார்கள்.

நம் நாடும் உங்களுக்குச் சளைத்ததல்ல. மூன்று மாதம்கூட ஆகாமல், ஏப்ரல் 9 அன்று, ஜார்க்கண்டின் முரியில் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் கிடங்கு சரிந்தது.

எங்களுக்கு அருகில் கோலார் தங்கவயல். 2001இல் சுரங்கத்தை மூடிய கையோடு சயனைடு கலந்த கழிவுமண் குன்றுகளை மழைக்கும் காற்றுக்கும் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். மழை அவற்றில் ஓடை வெட்டி இறங்குகிறது. கோடையில் தூசி வீட்டுக்குள் வருகிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய்ப் பாதாளத்தில் இறங்கி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவைத்த உங்கள் தாராளத்தை எந்த வாயால் புகழ்வது!