மீசையில் மண் ஒட்டாமல் தோற்பது எப்படி?

‘யுஎஃப்சி 5’ வீடியோ கேமில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. தோற்பது எப்படி என்று சொல்லித்தர மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. ஆடுகிற இரண்டு பேரில் ஒருவர் தோற்கத்தானே போகிறார்? அவரை இப்படி அம்போவென்று விட்டுவிடலாமா? அவருக்காக, அதிலும் குறிப்பாக அவர் நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், இந்தக் குறிப்புகள்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தோற்பதில் எனக்கு ஏழு மாத அனுபவம் உண்டு. எதிராளி என் அக்கா மகன், பொறியியல் இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமை காலையில் ஹாஸ்டலிலிருந்து மூட்டையோடு வருவான். துணியை வாஷிங் மெஷினில் போடுவான். துணி காய்வதற்குள் என்னைத் துவைத்துவிடுவான்.

முதலில் வாங்கும் படலம். விளையாட்டு 2023 அக்டோபரில் வந்தது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வகைக் கன்சோல்களில் மட்டும் ஓடும். பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் இங்கேயே தப்பித்துக்கொள்ளலாம். ஈஏ ஸ்போர்ட்ஸ் தயாரித்த யுஎஃப்சி வரிசையில் ரத்தக் காயம் காரணமாகப் பெரியவர்களுக்கான தரச்சான்று பெற்ற முதல் விளையாட்டு இது. 17 வயது நிரம்பியிருக்கவேண்டும். மேல்வரம்பு எதுவும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

குத்து, உதை, கட்டிப்பிடித்துச் சாய்ப்பது, கழுத்தை நெரிப்பது, முழங்கையால் நெற்றியைக் கிழிப்பது எல்லாம் சேர்ந்த, யுஎஃப்சி என்ற பெயரில் நிஜத்திலும் நடக்கும் சண்டை இது. தமிழில் ‘கலப்புத் தற்காப்புக் கலை’ என்று எழுதுகிறார்கள். இதில் ‘தற்காப்பு’ எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஆளைத் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பெரிய பெயராகப் பார்த்து எடுக்காதீர்கள். கபீப் நுர்மகோமெதோவ் 29 சண்டை போட்டு 29-லும் ஜெயித்து, ஒரு கறை இல்லாமல் 2020-இல் ஓய்வு பெற்ற மனிதர். அவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பதாவது சண்டையை எங்கள் வீட்டு ஹாலில் தோற்றார். அன்று மாலைக்குள் முப்பத்து நான்காவதையும் தோற்றார். பாவம் எனக்குத்தான் சேரும்.

ஆகவே சொந்தமாக ஓர் ஆளைப் படைத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை, முகம், தலைமுடி எல்லாம் நம் இஷ்டம். மீசையும் உண்டு. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள முதலில் மீசை வேண்டுமல்லவா? நான் இதற்கே ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன். கடைசியில் கிடைத்த ஆள், கல்யாண ஆல்பத்தில் இருக்கும் என் சாயலில், என்னிடம் இல்லாத தோள்களோடு நின்றான். ஒரு விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. இந்த விளையாட்டில் அடிபட்ட இடம் வீங்குகிறது, கன்றுகிறது, கிழிகிறது. காயம் அடுத்த ரவுண்டிலும் அப்படியே இருக்கிறது. மண் கிடையாது, ரத்தம் உண்டு. அது மீசையில் ஒட்டும். ஒட்டியதை மெதுவாக ஓட்டி, மூன்று கோணத்தில் திரும்பக் காட்டுவார்கள்.

இனி கன்ட்ரோலர். ஸ்கொயர் ஒரு கை, ட்ரையாங்கிள் மறு கை, எக்ஸ் ஒரு கால், சர்க்கிள் மறு கால். நான்கு பொத்தான், நான்கு அங்கம். இதைவிட நியாயமாக ஒரு மனிதனைப் பிரிக்க முடியாது. இடது ஸ்டிக் நடக்க, வலது ஸ்டிக் தலையை ஆட்டி ஒதுங்க. இதுவரை எல்லோருக்கும் புரியும். பிறகு மேலே இருக்கும் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்திக்கொண்டால் எல்லாவற்றுக்கும் அர்த்தம் மாறிவிடும். உதைக்கப் போனவன் கட்டிப்பிடிப்பான், குனியப் போனவன் முகத்தை நீட்டுவான். மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். நானும் ஒரு தாளில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினேன். அதைப் படிக்கக் கண்ணாடி போட்டால் டிவி மங்கலாகத் தெரிந்தது.

எதுவும் நினைவில் நிற்காதபோது மனிதன் செய்வது ஒன்றுதான்: எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்குவான். பழைய சண்டை விளையாட்டுகளில் வளர்ந்த தலைமுறை நாம். அங்கே இந்த உத்தி எடுபட்டது. நெருப்புப் பந்துகூட எங்கிருந்தோ வரும். அதே நம்பிக்கையில் முதல் நாள் நானும் அமுக்கினேன். என் ஆள் அரை நிமிஷம் காற்றாடி மாதிரி சுழன்றான். பிறகு கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து, நாலு மாடி ஏறியவன்போல நின்றான்.

“மாமா, எல்லாத்தையும் அமுக்காதீங்க. மூச்சு போயிடும்.”

“யாருக்குடா?”

அவன் டிவியையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும்,” என்றான்.

இந்த விளையாட்டின் உயிர்நாடி இதுதான். இதை அந்த வீடியோக்கள்கூடச் சரியாகத்தான் சொல்கின்றன. ஸ்டாமினா என்று ஒரு கோடு இருக்கிறது. அடித்தால் குறையும். அடி படாமல் காற்றில் போனால் இன்னும் அதிகம் குறையும். சற்று ஓய்ந்தால் திரும்ப ஏறும். ஆனால் பழைய அளவுக்கு ஏறாது. ரவுண்ட் போகப் போக அதன் உச்சியே தாழ்ந்துகொண்டு வரும். ரவுண்டுக்கு 5 நிமிஷம், சாதாரணச் சண்டைக்கு 3 ரவுண்ட், பட்டத்துக்கு 5. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்றார்கள். இவர்கள் அந்தப் புத்தியை அளக்க ஒரு மீட்டரே வைத்துவிட்டார்கள். காலேஜ் போகும் பையன் முதல் ரவுண்ட் முழுக்கச் சும்மா பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பான். பயப்படுகிறான் என்று நினைக்காதீர்கள். கடன்காரன் வாசலில் காத்திருப்பதுபோலக் காத்திருக்கிறான்.

தோற்பவருக்கு ஆறுதலாக ஒரு தகவல். மூச்சு விஷயத்தில் நிஜ வீரர்களும் நம் ஜாதிதான். 2016 மார்ச் 5 அன்று லாஸ் வேகாஸில் கானர் மெக்ரெகர், நேட் டயஸை முதல் ரவுண்டில் விளாசித் தள்ளினார். இரண்டாவது ரவுண்டில் களைத்தார். டயஸ் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து முடித்துவைத்தார். சரியாகப் பத்து நாள் கழித்து ‘யுஎஃப்சி 2’ கடைக்கு வந்தது, அட்டையில் மெக்ரெகர். பக்கத்தில் ரோண்டா ரௌஸி. அவர் அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஹோலி ஹோமிடம் நாக்அவுட் ஆகியிருந்தார். ஆக, தோற்றுவிட்டு வந்த இரண்டு பேரை அட்டையில் பார்த்துக்கொண்டே உலகம் முழுக்க அந்த விளையாட்டை வாங்கினார்கள். மருமகன் சிரிக்கும்போது இதை எடுத்துவிடுங்கள். அவன் கேட்க மாட்டான். ஆனாலும் சொல்லுங்கள்.

பாய்ந்து முடித்துவிடலாம் என்ற ஆசையும் வரும். 2019 ஜூலையில் ஹோர்ஹே மாஸ்விடால் மணி அடித்ததும் ஓடிப்போய், பறந்து, முழங்காலால் பென் ஆஸ்க்ரெனை 5 விநாடியில் சாய்த்தார். நானும் ஓடினேன், பறந்தேன். பையன் ஒரு அடி ஒதுங்கினான். என் ஸ்டாமினாவில் ஒரு துண்டு என்னோடு திரும்பி வரவில்லை. இந்த இடத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க? லிஃப்ட் மறுபடியும் ரிப்பேரா?” என்று கேட்டாள்.

சரி, தரைக்கு வருவோம். எப்படியும் தரைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர். முதல் நிஜ யுஎஃப்சி போட்டி அங்கேதான் நடந்தது. எட்டுப் பேர், ஒரே இரவு. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். எதிரே ஒல்லியான பிரேசில்காரர், ஹொய்ஸ் கிரேசி. கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார். கழுத்து நெரிபடவில்லை, கை முறியவில்லை. என்ன செய்வதென்று புரியாமல் ஜிம்மர்சன் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கிரேசி அன்றிரவு போட்டியையே வென்றார். எனக்கு அந்த ஒற்றைக் கையுறைக்காரர்மேல்தான் மரியாதை. இதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தவர் அவர்.

விளையாட்டில் அப்படித் தட்டும் பெருமையும் உங்களுக்கு இல்லை. பிடி இறுகிவிட்டால் உங்கள் ஆள் உங்களைக் கேட்காமலே தட்டிவிடுவான். அதுவரை நகரப் பார்க்கவேண்டும். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டிலிருந்து இறங்க முயன்றிருக்கிறீர்களா? அதேதான். இந்தப் பக்கம் முட்டினால் அடுத்தவர் அங்கே காலை வைத்திருப்பார். அந்தப் பக்கம் திரும்பினால் அவர் முன்பே அங்கே சாய்ந்திருப்பார். எந்தப் பக்கம் நகரப் போகிறீர்கள் என்பதை மேலே இருப்பவன் ஊகித்துத் தடுத்தால் உங்கள் ஸ்டாமினா இன்னும் வடியும். பையன் ஒவ்வொரு முறையும் ஊகித்தான். பிற்பாடுதான் கண்டுபிடித்தேன்: நான் ஸ்டிக்கைத் தள்ளுகிற பக்கமே என் உடம்பும் சோபாவில் சாய்கிறது. அவன் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து ஆடியிருக்கிறான்.

கீழே கிடக்கும்போது நான் கண்டுபிடித்த ஒரே தப்பிக்கும் வழி எந்த வழிகாட்டியிலும் இல்லை. அசையாமல் கிடங்கள். பத்து விநாடி போகட்டும். பிறகு அமைதியான குரலில், “அரியர் எத்தனைடா?” என்று கேளுங்கள். மேலே இருப்பவன் பிடி தளரும். அந்த ஒரு கணத்தில் எழுந்துவிடலாம். செமஸ்டர் ரிசல்ட் வரும் மாதங்களில் இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

சாக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். “ஸ்டிக் தானா இழுக்குது” என்றால், “என்னுதை வச்சுக்கோங்க மாமா” என்று மாற்றிக் கொடுத்து அதிலும் அடிப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து நேருக்கு நேர் ஆடும்போது நெட் ஸ்லோ என்று சொல்லாதீர்கள். கரண்ட் போனால் மட்டும் நிதானமாக, “சே, இப்பத்தான் பிடிச்சேன்,” என்று சொல்லலாம்.

இத்தனைக்குப் பிறகும் தவறுதலாக ஜெயித்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு அது நடந்தது. இந்தப் பதிப்பில் டாக்டர் ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள். காயம் மோசமானால் நடுவர் சண்டையை நிறுத்தி அவரைக் கூப்பிடுவார். அவர் பார்த்துவிட்டுப் போதும் என்றால் போதும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்றாவது ரவுண்ட், என் ஆள் நிற்பதே பெரிய விஷயம். கை தவறி எதையோ அமுக்கினேன். முழங்கை போய் அவன் ஆளின் கண்ணுக்கு மேலே கிழித்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார். நடுவர் என் ஆளின் கையைத் தூக்கினார். மீசையில் அவனுடைய ரத்தமும் என்னுடையதும்.

“மாமா, இது செல்லாது. இன்னொண்ணு ஆடுவோம்.”

கன்சோலை அணைத்தேன். சாப்பிட வா என்றேன். ஒரு மாதமாகச் சனிக்கிழமைகளில் எனக்கு வெளியே வேலை இருக்கிறது. அவன் உங்களிடம் விசாரித்தால், மாமாவுக்குக் கட்டைவிரலில் வலி, டாக்டர் ஆடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.