ரோலெக்ஸின் தாய்வீடு

ரோலெக்ஸ் சுவிஸ் கடிகாரம்தானே? லண்டனுக்கும் அதற்கும் என்ன உறவு?
*வாசகர், ஈஸ்ட்ஹாம்*

தாய்வீட்டு உறவு! 1905-ல் லண்டனில் பிறந்த கம்பெனி அது. பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனை இழந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மன்காரர், தன் 24-வது வயதில் மைத்துனர் ஆல்ஃபிரட் டேவிஸுடன் சேர்ந்து ஹேட்டன் கார்டனில் தொடங்கினார். உள்ளே ஓடும் இயந்திரம் மட்டும் சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்து ஏக்லர் பட்டறையிலிருந்து வரும். ரோலெக்ஸ் என்ற பெயர் 1908-ல் பதிவானது.

பெயருக்குத்தானே அத்தனை விலை?
*வாசகர், ஹாரோ*

இன்றைய விலையில் பெயருக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பெயர் பரீட்சை எழுதி வாங்கியது. அன்று ஆண்கள் கடிகாரத்தைப் பையில் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை. அவ்வளவு சின்ன இயந்திரம் சரியாக ஓடாது என்பதே ஊர் பேச்சு. வில்ஸ்டார்ஃப் தன் கைக்கடிகாரம் ஒன்றைக் கடல் க்ரோனோமீட்டர்களுக்கான 'கியூ' என்ற துல்லியச் சோதனைக்கு அனுப்பினார். 45 நாள் சோதனை! ஐந்து நிலைகளில் வைத்து, பனிக்குளிரிலும் அடுப்புச் சூட்டிலும் ஓடவிட்டார்கள். 1914 ஜூலையில் 'ஏ' வகுப்புச் சான்றிதழ் கிடைத்தது. ஒரு கைக்கடிகாரம் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே போர். பதுங்குகுழியில் நிற்கும் சிப்பாய் பையைத் துழாவ முடியுமா? கடிகாரம் ஆண்களின் மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது.

பிறகு ஏன் வில்ஸ்டார்ஃப் லண்டனை விட்டுப் போனார்?
*வாசகர், டூட்டிங்*

வரி. 1915-ல் நிதியமைச்சர் மெக்கென்னா, இறக்குமதியாகும் கடிகாரங்களுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு வரி போட்டார். போர்ச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது, உண்மை. நட்டம் லண்டனுக்கு. 1920-ல் ரோலெக்ஸ் ஜெனிவாவில் பதிவானது.

ஒரு பெண் ரோலெக்ஸோடு ஆங்கிலக் கால்வாயை நீந்தினாராமே?
*வாசகி, வெம்பிளி*

மெர்சிடிஸ் கிளைட்ஸ், லண்டனில் டைப்பிஸ்ட். 1927 அக்டோபர் 7-ல் கால்வாயைக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண். அப்போது அவரிடம் ரோலெக்ஸ் இல்லை. இன்னொருத்தி பொய்க் கணக்குச் சொன்னதால் இவர்மீதும் சந்தேகம் எழ, இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கினார். இந்த முறை கழுத்தில் தண்ணீர் புகாத ரோலெக்ஸ் ஆய்ஸ்டர். கொடுங்குளிரில் பத்து மணி நேரத்துக்கும் மேல் நீந்தியவரைக் கரை சேரும் முன்பே படகில் ஏற்றினார்கள். கடிகாரம் நிற்கவில்லை. நவம்பரில் டெய்லி மெயில் முதல் பக்கம் முழுக்க ரோலெக்ஸ் விளம்பரம். என் வணக்கம் அந்த டைப்பிஸ்டுக்கே.

இன்று லாபமெல்லாம் யாருக்கு?
*வாசகர், குராய்டன்*

வில்ஸ்டார்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை. 1944-ல் மனைவி இறந்தபின் தன் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1960-ல் அவர் மறைந்தபின்னும் ரோலெக்ஸின் உரிமை அந்த அறக்கட்டளையிடமே இருக்கிறது. பங்குச் சந்தையில் அதை யாரும் வாங்க முடியாது.