தலைகுனிந்து படம் எடுக்கும் கலை

இரட்டை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமரா என்பது மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பெட்டி. மேல்கண் பார்க்கும், கீழ்க்கண் படம் எடுக்கும். பார்ப்பதும் பதிவதும் வெவ்வேறு இலாகா என்பதால் இரண்டுக்கும் அவ்வப்போது ஒத்துப்போகாது. 1929-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து ரோலைஃப்ளெக்ஸ் வந்தபின் இந்த வடிவம் நிலைபெற்றது. ஜப்பானிய யாஷிகா தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் புழங்கியது. இன்று கற்க வருபவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பரணில் தூங்கி எழுந்தது.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இதைக் கற்க மிகவும் சிரமமான இடம். ஆகவே கற்பவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

முதல் சிரமம் கண்ணாடி. கேமராவை வயிற்றருகே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே சாய்வாக இருக்கும் கண்ணாடி காட்சியை நிமிர்த்தி மேலே உள்ள திரையில் தருகிறது. ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடுகின்றன. ஏரியில் ஆழம் பல இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவுகூட இல்லை என்பதால் கழி ஊன்றித் தள்ளும் படகுகள் நிதானமாகப் போகின்றன. அப்படி ஒன்று திரையில் வலப்பக்கம் நகர்கிறது. கற்பவர் கேமராவை வலப்பக்கம் திருப்புகிறார். படகு இன்னும் வேகமாக ஓடி, திரையை விட்டே போய்விடுகிறது. திருப்ப வேண்டியது இடப்பக்கம். இதை மூளை ஒப்புக்கொண்டாலும் மணிக்கட்டு ஒப்புக்கொள்ள ஒரு பிலிம் சுருளாவது ஆகும். தொடுவானத்தை நேராக்கப் போனால் அது மேலும் சாய்கிறது. ஏரி ஒரு பக்கமாகக் கொட்டிவிடும்போல் ஆன பிறகே கை திருந்துகிறது.

அசையாத பொருளில் தொடங்குவது நல்லது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இருக்கின்றன. எவ்வளவு நேரம் ஃபோகஸ் செய்தாலும் முகம் சுளிக்காதவை. கல்வெட்டு திரையில் இடம்வலம் மாறித் தெரிவதும் பாதகமில்லை. டச்சு தெரியாதவருக்கு எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான்.

மனிதர்களிடம் வந்தால் இரண்டாம் சிரமம். இரு கண்களுக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு. தொலைவில் அது பொருட்டல்ல. ஒரு மீட்டர் அருகில் படத்தின் மேற்பகுதி வெட்டுப்படும். தலையில் மீன்கூடையுடன் வரும் பெண்மணியை எடுத்தால் பெண்மணி இருப்பார், மீன் இருக்காது. சில மாதிரிகளில் இதைச் சரிசெய்யும் அமைப்பு உண்டு. இல்லாதவற்றில், பார்த்து முடித்தபின் அந்த நான்கைந்து சென்டிமீட்டர் கேமராவை உயர்த்த வேண்டும். அதற்குள் கூடை ஏலத்துக்குப் போயிருக்கும்.

இந்தக் குனிதலில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. முகத்துக்கு நேரே கருவியை நீட்டாததால் எதிரில் இருப்பவர் விறைப்பதில்லை. வலை பின்னுபவர் வலையையே பார்க்கிறார். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தமும் மிகக் குறைவு. "இன்னா தம்பி, கீழ எதுனா உழுந்துடுச்சா?" என்று கேட்கும் அம்மாவுக்கு, படம் எடுத்தாகிவிட்டது என்பதே தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டார், பின்னால் திரை எங்கே என்பார்.

பழைய மாதிரிகள் பலவற்றில் ஒளிமானி இல்லை. 100 வேக பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் 1/125 என்பது வாய்ப்பாடு. நண்பகலில் நீரும் மணலும் சேர்ந்து கூசவைக்கும்போது ஒரு படி குறைத்து எஃப் 22 வைப்பார்கள். குளிர்காலத்தில் வரும் பூநாரைகளுக்கு வாய்ப்பாடு உதவாது. 80 மி.மீ. லென்ஸில் அவை புள்ளிகளாகத்தான் விழும். கறுப்பு வெள்ளை பிலிமில் இளஞ்சிவப்பும் போய்விடும். பார்ப்பவரிடம் பறவை எது, பிலிமில் விழுந்த தூசி எது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டிவரும்.

120 சுருளில் பன்னிரண்டு படங்கள்தான். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒருகாலத்தில் உள்நாட்டிலேயே பிலிம் தயாரித்தது. அது மூடப்பட்டுவிட்டதால் இப்போது கைக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் காத்திருந்தே அழுத்த வேண்டும். 'பாடு' என்ற ஏற்பாட்டின்படி முறைவைத்து வலை கட்டும் பழவேற்காட்டு மீனவர்களுக்கு, முறைக்காகக் காத்திருப்பது பழகிய காரியம். பன்னிரண்டில் ஏழு போய்விட்ட கற்பவருக்குத்தான் கை நடுங்கும்.

சுருள் மாற்றுவதை நிழலில் செய்ய வேண்டும். வெயில் பட்டால் விளிம்பில் ஒளி கசியும். கரையில் கவிழ்த்த படகின் நிழல் போதும். கடைசிப் படத்துக்குப் பிறகு பின்னோக்கிச் சுற்றுவது கிடையாது. பிலிமோடு சேர்ந்த தாள் முழுதும் மேல் உருளைக்குப் போகும்வரை சுற்றி, பின்மூடி திறந்து, ஒட்டுத்தாளை நாக்கால் ஈரமாக்கி ஒட்ட வேண்டும். உப்புக்காற்றில் காய்ந்த நாக்குக்கு இது எளிதல்ல. இறால் தடவும் இருளர் பெண்கள் இரண்டு கையும் நீருக்குள் இருக்க, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒரு கையில் கேமரா, மறுகையில் புதுச் சுருள், வாயில் பழைய சுருள் என்று நிற்பவரை அவர்கள் ஏறிட்டுப் பார்ப்பதில் வியப்பில்லை.

வீடு திரும்பியதும் கேமராவைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷட்டரில் துருவும் லென்ஸில் பூஞ்சையும் வரும். காலியான கீழ் உருளையை எடுத்து மேலே மாட்டினால் அடுத்த சுருளுக்கு இடம் தயார்.