சூரியக் குடும்பஸ்தர்

பகலெல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற மனிதர்தான். 'சூரியக் குடும்பம் மாடல், திங்கட்கிழமைக்குள்' என்று மகளின் டைரியில் மிஸ் எழுதி அனுப்பிய மாலையிலிருந்து அண்டசராசரமும் அவர் பொறுப்பில் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் அவர் வாங்கிய மார்க்கை யாரும் கேட்பதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

இந்த ரகத்தை ஸ்டேஷனரிக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். தெர்மோகோல் உருண்டை எட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகிறவர் சாதாரணத் தகப்பன். "வியாழனோட குறுக்களவு பூமியைப் போல 11 மடங்குங்க. ரெண்டுக்கும் ஒரே உருண்டையா?" என்று நியாயம் கேட்பவர் சூரியக் குடும்பஸ்தர். "சின்னது, மீடியம், பெருசு, அவ்வளவுதான் சார் வரும்" என்பார் கடைக்காரர்.

வெறுங்கையோடு திரும்பியவர் நேராக அடுக்களைக்குள் நுழைகிறார். ஃபுட்பால்தான் சூரியன் என்றால் பூமி ஒரு கடுகு. வியாழன் ஒரு நெல்லிக்காய். யுரேனஸும் நெப்டியூனும் ஆளுக்கொரு கொண்டைக்கடலை.

"ஏங்க, நாளைக்குச் சுண்டலுக்கு ஊற வச்சிருக்கேன், அதுல எடுத்துக்குங்களேன்."

"ஊறினா அளவு போயிடும். காஞ்சதுதான் வேணும்."

நிலாவுக்கு ஒரு ரவை. கடுகிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி அதை வைத்துவிட்டு, "மனுஷன் இதுவரைக்கும் போனது இவ்வளவு தூரம்தான்" என்கிறார். மகள் குனிந்து பார்க்கிறாள். முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிகிறது, ரவையின் மேல்.

சிக்கல் அடுத்துத்தான். இந்தக் கணக்குப்படி பூமி சூரியனிலிருந்து 24 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஹாலின் நீளமோ 15 அடி. ஆகவே சூரியனை வாசல்படியில் வைத்துவிட்டுக் குடும்பம் தெருவில் இறங்குகிறது. கடுகு நாலாவது வீட்டுக் கேட்டருகே. நெல்லிக்காய் 123 மீட்டரில், இஸ்திரி வண்டிப் பக்கம். நெப்டியூனுக்கு 700 மீட்டர். அது பஸ் ஸ்டாப்பையும் தாண்டி டீக்கடை வாசலில் வருகிறது. கொண்டைக்கடலையும் கையுமாக அங்கே நின்று வீட்டுக்கு போன் போடுகிறார்: "நான் நெப்டியூன்ல இருக்கேம்மா. சூரியன் பத்திரமா?"

"பக்கத்து வீட்டு அண்ணன் விளையாட எடுத்துட்டுப் போயிட்டான்பா. பூமியை எறும்பு இழுத்துட்டுப் போகுது."

திரும்பி வந்தால் திண்ணையில் அம்மா காத்திருக்கிறார்.

"ஏண்டா, சனி ஒரு சுத்து சுத்த எத்தனை வருஷம்?"

"இருபத்தொன்பதரைம்மா."

"பன்னெண்டு ராசிக்கும் பிரிச்சா ஒரு ராசிக்கு ரெண்டரை. மூணு ராசிக்கு ஏழரை. இதைத்தானே ஜோசியர் அன்னிக்கே சொன்னார்!"

செல்போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கிறார். கிழவி சொன்ன கணக்கு சரி. "ஆனாம்மா..." என்று பலன் பக்கம் வாதாடப் போகுமுன் அடுத்த கேள்வி வருகிறது. "கோயில்ல ஒன்பது இருக்கு. நீ எட்டுங்கிறே. ஒண்ணை எங்கே விட்டே?"

நவகிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு. ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். நாம் நிற்கிற பூமிக்கு அங்கே இடமில்லை. யுரேனஸை 1781-லும் நெப்டியூனை 1846-லும்தான் கண்டுபிடித்தார்கள் என்று அரைமணி நேரம் விளக்குகிறார். அம்மா பாதியிலேயே தூங்கிவிட்டார்.

ஒன்பது என்ற சொல் அவருக்கே ஒரு ரணம். அவர் மனப்பாடம் செய்தபோது புளூட்டோவையும் சேர்த்து ஒன்பதுதான். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் பிராக் நகரில் கூடி, வாக்கெடுத்து, அதைக் குறுங்கோள் ஆக்கிவிட்டது. ரேஷன் கார்டிலிருந்து சொந்தத் தம்பியின் பெயரை அடித்துவிட்டதைப் போல அவர் இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை கடுகும் நெல்லிக்காயும் பள்ளிக்குப் போகின்றன. மாலையில் டைரி திரும்பி வருகிறது: 'கலர் இல்லை. தெர்மோகோலில் செய்து கொண்டுவரவும்.' அன்றிரவு மூன்று சைஸ் உருண்டைகளுக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவரும் அவரேதான். மகள் மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கப்பா நெப்டியூன் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்தார்" என்கிறாள்.

சிரித்துவிட்டுப் போங்கள், தப்பில்லை. ஆனால் பாடப்புத்தகப் படம் எட்டுக் கோளையும் ஒரே பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்துவிடுகிறது. நடுவில் எவ்வளவு வெட்டவெளி என்று குழந்தைக்குக் காட்டுவது இந்த மனிதரின் கால்வலி ஒன்றுதான். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் ஒரு கடுகைக் கேட்டருகே வைத்துவிட்டுப் போனால், தயவுசெய்து பெருக்கித் தள்ளிவிடாதீர்கள்.