கடற்கரை ஊர்க்காரனுக்கே வாந்தியா?

"ஏனுங்க, தூத்துக்குடின்னீங்க, உங்களுக்கே வாந்திங்களா?" என்று போன வாரம் இலங்கையின் மிரிஸ்ஸாவில் திமிங்கலம் பார்க்கப் போன படகில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் கேட்டார். அன்றைக்கு என் வயிற்றில் வேறெதுவும் தங்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

தூத்துக்குடியில் பிறந்தவனெல்லாம் முத்துக்குளிக்கிறவனா? கடைசி முத்துக்குளிப்பே 1961-ல் முடிந்துவிட்டது. நான் வட்டிக்கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். காணும்பொங்கலுக்கு முயல்தீவு போவேன். அதற்கும் ரோடு இருக்கிறது.

இலங்கையின் தென்முனையில் கரையை ஒட்டியே கடல் ஆழமாகிவிடுவதால் நீலத் திமிங்கலங்கள் கிட்டத்தில் தெரியும், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் வைத்தியர்கள் வந்துவிட்டார்கள்.

நம்மவர்கள் நடுவில் ஒருத்தன் வாயைப் பொத்தினால் போதும். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்தார் ஒருவர். ஒரு அம்மா புளிப்பு மிட்டாயை நீட்டினார், இன்னொரு அம்மா இஞ்சி மரப்பாவை. "வெறும் வயித்தோட படகேறலாமா?" என்றார் ஒருவர், "சாப்பிட்டுட்டு ஏறலாமா?" என்றார் அவர் சம்சாரம். தூரத்தில் வானம் தொடுகிற கோட்டையே பார்க்கச் சொன்னார்கள், உடனே கண்ணை மூடச் சொன்னார்கள். முன்னால் போ, பின்னால் வா, நடுவில் படு. பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்தால் நிற்கும் என்று கொடைக்கானல் பஸ் வைத்தியத்தை ஒருவர் நடுக்கடலில் எடுத்துவிட, கிடைத்தது சிங்களப் பேப்பர். "வயித்துக்குப் படிக்கவா தெரியும், வைங்க சார்!" வைத்தேன். கடைசியாக ஒருவர் மாத்திரை அட்டையைக் காட்டி, "கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி போட்டிருக்கணும்" என்றார். கிளம்பி ஒரு மணி நேரமாகியிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி வரும் செய்தி, 'திமிங்கல வாந்தி பறிமுதல், மதிப்பு பல கோடி'. அது வாந்தியே இல்லை, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகிற அம்பர்கிரிஸ். இருந்தாலும் அதை வைத்திருப்பவனைப் பிடிக்கப் போலீஸ் ஓடுகிறது. என்னுடையதைப் பார்த்து ஓடியவர்கள் வேறு காரணத்துக்காக ஓடினார்கள்.

"திமிங்கலம் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா அண்ணாச்சி? நம்ம மணப்பாட்டுக்கே வந்துச்சே!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வந்தது. 1973-ல் 147; 2016 ஜனவரியில் மறுபடியும் பெருங்கூட்டமாக, பைலட் திமிங்கலங்கள். மீனவர்கள் இழுத்துக் கடலில் விட்டாலும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கு மேல் செத்தன. இடுப்பளவு தண்ணீரில் அவர்கள் மல்லுக்கட்ட, மணலில் நின்ற எங்களில் ஒருவர் "வாலைப் பிடி" என்றார், இன்னொருவர் "தலையைத் திருப்பு" என்றார். யாரும் வேட்டியை மடித்துக் கட்டவில்லை.

மிரிஸ்ஸா திமிங்கலமா? இடதுபக்கம் தெரிந்ததாம். எல்லாரும் அங்கே ஓடினார்கள். நான் வலதுபக்கக் கம்பியை விடவில்லை. திமிங்கலம் தெரியாவிட்டால் மறுநாள் இலவசம் என்று டிக்கெட் விற்கும்போது சொல்லியிருந்தார்கள். கேட்டேன்.

"படகுக்குத் தெரிஞ்சுதே சார், நீங்கதான் குனிஞ்சே இருந்தீங்க."